எல்லோரும் ஐந்து போட்டார்கள்

“கொலிச்சோ?” என்று கேட்டுவிட்டு, அண்ணியின் பெரியம்மா கையிலிருந்த கட்லட்டைக் கடிக்க மறந்துபோனார். அண்ணன் மகளின் முதலாவது பிறந்தநாள், ஸ்காபரோவில் ஒரு மண்டபம். யூனிவேர்சிற்றி என்று நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். பிறகு நோயாளியைத் தேற்றுகிற குரலில் சொன்னார்: “பறவாயில்லை பிள்ளை. வீட்டிலை சும்மா இருக்காமல் ஏதோ ஒண்டு படிச்சால் சரிதானே. என்ன பாடம், பிஸ்னஸோ? உது படிச்சு வாற விஷயமே?”

அன்றைக்கு நான் என் மாணவர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போயிருந்தேன். பிறந்தநாள் விழாவுக்கு, சேலைக்கு மேலே. அந்த அட்டையை மாட்டிக்கொண்டுதான் அப்போதெல்லாம் கடைக்குப் போவேன், மாதா கோயில் பூசைக்குப் போவேன், குப்பை வாளியை வீதியோரம் வைக்கப் போவேன். படத்தில் என் ஒரு கண் மூடியும் மறு கண் திறந்தும் இருக்கும். அதைப் பற்றிக் கவலையில்லை. பஸ்ஸில் யாராவது அதைப் பார்த்து, “எந்தக் கொலிச், என்ன படிக்கிறாய்?” என்று கேட்பார்கள் என்று ஒரு முழுத் தவணை காத்திருந்தேன். ரொறன்ரோவில் யாரும் யாருடைய கழுத்தையும் பார்ப்பதில்லை என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு நான்கு மாதம் பிடித்தது. முதன்முதலாகப் பார்த்தவர் அண்ணியின் பெரியம்மா. அவர் சொன்னது, ‘பறவாயில்லை’.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். நாங்கள் மன்னார்க் கரையோரத்து ஆட்கள். அப்பா பள்ளிக்கூடத்து வாசலை எட்டிப் பார்த்ததோடு கடலுக்குப் போனவர், அம்மா அந்த வாசலைக்கூடக் கண்டதில்லை. அண்ணன் இடப்பெயர்வோடு புத்தகப் பையைத் தொலைத்தவன், பிறகு அதைத் தேடவில்லை. எங்கள் வீட்டில் உயர்தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கையைக் கொண்டுபோனால், அப்பா அதைக் கைவிளக்குக்குக் கிட்டப் பிடித்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சிவப்பு மை இருக்கோ?” என்று மட்டும் கேட்பார். இல்லையென்றால் மடித்து யேசுவின் படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார். அந்தப் படம் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னுக்கு வந்து தொங்குகிற அளவுக்கு நான் படித்தேன். அப்படிப்பட்டவளுக்குக் கனடாவில் ஒரு கொலிச்சில் இடம் கிடைத்தால், அட்டையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவாளா?

அண்ணன் அகதியாக வந்தவன். பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி சுமக்கத் தொடங்கி, இப்போது பெட்டி சுமக்கிறவர்களைப் பார்த்துக்கொள்கிறான். அஜின்கோர்ட்டில் அவனுடைய வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்றில் நான் இருக்கிறேன். மாணவர் விசாவில் வந்தவள் என்பதால், கொலிச்சில் என் பெயர் இருக்கும்வரைதான் இந்த நாட்டிலும் எனக்குப் பெயர்.

இங்கே எனக்கு முதலில் பிடிபடாமல் போனது ஆசிரியர்களின் பெயர்கள். முதல் நாள் வகுப்பில் எங்கள் ஆசிரியை மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, என்னை மரியான் என்று கூப்பிடுங்கள் என்றார். ஊரில் ஆசிரியையின் பெயரைச் சொன்னால் வாயில் அடி விழும். எனக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் கையை உயர்த்திக்கொண்டு, அவர் பார்க்கும்வரை மௌனமாக இருப்பேன். ஒருமுறை ஐந்து நிமிடம் அப்படி இருந்தேன், கை விறைத்துவிட்டது. மின்னஞ்சலில் ‘டியர் மரியான் மிஸ்’ என்று எழுதினேன். ‘மரியான் போதும்’ என்று பதில் வந்தது. ‘சரி மிஸ்’ என்று நான் எழுதினேன்.

இரண்டாம் தவணையில் அவர் எங்களுக்கு ஒரு பெரிய வேலை தந்தார். உங்களைச் சுற்றியிருக்கிற மக்களுக்கு என்ன தேவை என்று கண்டுபிடியுங்கள், அதைத் தீர்க்கிற ஒரு சிறு வணிகத்தைத் திட்டமிடுங்கள், குறைந்தது நாற்பது பேரிடம் கருத்துக் கேட்டு அறிக்கை எழுதுங்கள் என்றார். நான் அதைப் பஸ்ஸில் வீடு வந்துசேர்வதற்குள் தீர்த்துவிட்டேன். தமிழ் முதியவர்கள் கார் ஓடுவதில்லை, பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுகிறார்கள், ஆகவே ஒரு வான் வண்டி. வீட்டு வாசலில் ஏற்றி, டொக்ரரிடமோ கடையிலோ இறக்கி, திரும்பக் கொண்டுவந்து விடும். பெயர் ‘சிறகு’. அந்தப் பெயருக்கு ஒரு சின்னம் வரைய மூன்று நாள் செலவழித்தேன். கேள்விகளை எழுத அரை மணித்தியாலம்.

அஜின்கோர்ட்டில் ஒரு சமூக நிலையத்தில் புதன்கிழமை காலைகளில் எங்கள் முதியவர்கள் ஒன்றுகூடுவார்கள். கொஞ்சம் உடற்பயிற்சி, கொஞ்சம் தேவாரம், கொஞ்சம் கீதம், கனக்கக் கதை. நான் அங்கே தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்கப் போவதுண்டு. அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் என்று ஒருவர் இருந்தார், ஆனால் நடத்துவது இராசமணி அன்ரிதான். எழுபதைத் தாண்டியவர், ரூஜில் மகனுடைய புது வீட்டில் இருக்கிறார். ஒவ்வொரு புதனும் முதலாவதாக வந்து, கையுறையைக் கழற்றியபடியே, “மகன் இறக்கிவிட்டிட்டுப் போறான்” என்று அறிவிப்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் தமிழில் அச்சடித்த படிவங்களைக் கொடுத்து விளக்கம் சொன்னேன். ஒன்று என்றால் இந்த வான் எனக்குத் தேவையே இல்லை, ஐந்து என்றால் கட்டாயம் பாவிப்பேன். பத்துக் கேள்விகள், எல்லாவற்றுக்கும் அதே ஒன்று முதல் ஐந்து.

“பிள்ளை, இதிலை எது சரியான விடை?” என்று கேட்டார் முன்வரிசையிலிருந்த ஓர் அங்கிள்.

“சரி பிழை ஒண்டும் இல்லை அங்கிள். நீங்கள் நினைக்கிறதைப் போடுங்கோ.”

“நான் நினைக்கிறது சரியெண்டால், அப்ப ஏன் என்னட்டைக் கேக்கிறாய்?”

தேத்தண்ணீர் கொதிக்கிறது என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டேன். அங்கே நிற்கும்போது இராசமணி அன்ரியின் குரல் கேட்டது: “எல்லாரும் அஞ்சிலை அடையாளம் போடுங்கோ. பிள்ளையின்ரை சோதினை எல்லோ. உதிலை போய்க் கஞ்சத்தனம் பார்க்காதையுங்கோ.” அது எனக்குக் கேட்கவில்லை என்று ஒரு மாதமாக எனக்கே சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டது. தேத்தண்ணீருக்குச் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன், நன்றாகவே கேட்டது.

திரும்பி வந்தபோது நாற்பத்திரண்டு படிவங்கள் அடுக்கிக் கட்டப்பட்டிருந்தன. “கண் தெரியாத ஆக்களுக்கு நான்தான் போட்டுக் குடுத்தனான். யோசியாதை, ஒருத்தருக்கும் குறைவாப் போடேல்லை” என்றார் அன்ரி. பதினொரு பேருக்கு அவர் கையால் போட்டிருந்தார். ஒரே நீலப் பேனை, ஒரே வளைவு, ஒரே அழுத்தம்.

அந்தப் படிவங்களை வைத்து நான் எழுதிய அறிக்கையை இப்போது வாசித்தால் முகம் சுடுகிறது. ‘இதுவரை எவரும் கவனிக்காத மாபெரும் தேவை’ என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். எத்தனை வீதத்தினர் விரும்புகிறார்கள் என்று காட்ட வட்டப்படம் ஒன்று போடவேண்டும். துண்டுகளாகப் பிரிக்க என்னிடம் ஒன்றுமில்லை. எல்லோரும் ஐந்து. ஆகவே முழு வட்டமும் ஒரே செம்மஞ்சள் நிறம். எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்து அதைப் பெரிதாக்கி மட்டையில் ஒட்டி வகுப்புக்கு முன்னால் உயர்த்திப் பிடித்தேன். தோடம்பழ வியாபாரி மாதிரி.

மரியான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இன்ரெறெஸ்ரிங்” என்றார். கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெதுவாக, “வெரி இன்ரெறெஸ்ரிங்.”

அன்று பின்னேரம் நான் அண்ணனிடம் சொன்னேன், “மிஸ் ரெண்டு தரம் இன்ரெறெஸ்ரிங் எண்டு சொன்னவ. மற்ற ஆக்களுக்குச் சும்மா தாங்யூதான்.” அண்ணன் அதை மன்னாருக்குத் தொலைபேசியில் சொல்ல, அப்பா அதைக் கடற்கரை மீன்வாடியில் சொல்ல, அடுத்த நாளே எங்கள் கரையில் பாதிப்பேருக்கு நான் கனடாவில் மிகவும் இன்ரெறெஸ்ரிங் ஆனவள் என்று தெரிந்துவிட்டது.

ஆறு நாள் கழித்து, ஷெப்பேர்ட் வீதியில் பஸ்ஸுக்குள் இருக்கும்போது கொலிச்சிலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. மூன்று முறை வாசித்தேன். என் கருத்துக்கணிப்பு விடைகள் உண்மையானவை அல்ல, நானே இட்டுக்கட்டியவை என்று சந்தேகிக்கிறார்கள். பல படிவங்களில் கையெழுத்து ஒன்றாக இருக்கிறது. எல்லா விடையும் ஒன்றாக இருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை துறைத் தலைவர் முன்னால் வந்து விளக்கம் தரவேண்டும். இட்டுக்கட்டியது நிரூபணமானால் பாடத்தில் பூச்சியம், கோப்பில் ஒரு குறிப்பு, படிப்பிலிருந்து நிறுத்திவைக்கவும் கூடும். நிறுத்திவைத்தால் விசா என்னவாகும் என்று கடிதத்தில் எழுதியிருக்கவில்லை. அதை நானே எனக்கு எழுதிக்கொண்டேன். இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டி மூன்று தரிப்பு போய்விட்டது.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து கையெடுக்கவில்லை.

“நீ செய்தனியோ?”

“இல்லை.”

“பேந்து ஏன் அழுறாய்?”

“அன்ரி எல்லாரையும் அஞ்சு போடச் சொன்னது எனக்குத் தெரியும்.”

அவன் எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்தான். பிறகு கேட்டான், “அம்மாவின்ரை ஆட்டு வலை ஞாபகமிருக்கே?”

ஞாபகமிருந்தது. எப்படி மறந்திருந்தேன் என்றுதான் தெரியவில்லை. சண்டை முடிந்து நாங்கள் முகாமில் இருந்த காலத்தில், வாரத்துக்கு ஒரு நிறுவனம் படிவத்தோடு வரும். உங்களுக்குப் பாய் தேவையா, கிணறு தேவையா, தையல் மெசின் தேவையா? முதல் சில நாள் சனம் யோசித்துத்தான் பதில் சொன்னது. தேவையில்லை என்று உண்மையைச் சொன்ன வீட்டுக்கு ஒன்றும் வராது, அடுத்தமுறை அந்த வீட்டுக்குப் படிவமே வராது என்று தெரிந்தபிறகு யோசிப்பதை நிறுத்திவிட்டோம். எந்தக் கேள்விக்கும் ஓம். அம்மாவிடம் ஒருத்தி ஆடு வளர்க்க விருப்பமா என்று கேட்டாள். அம்மாவுக்கு ஆட்டு மணமே ஆகாது. ஓம் என்றார். மூன்று மாதம் கழித்து ஒரு லொறி வந்து, ஆடு அடைக்கிற கம்பி வலைச் சுருள் ஒன்றை இறக்கிவிட்டுப் போனது. ஆடு வரவேயில்லை. அம்மா அந்த வலையில் கருவாடு காயப்போட்டார். படிவத்துக்கு எப்படிப் பதில் சொல்லவேண்டும் என்று எங்கள் சனத்துக்குப் பாடம் நடத்தி முடித்துவிட்டார்கள். நானோ அந்தப் பாடத்தில் முன்வரிசையில் இருந்தவள். இருந்தும் நாற்பத்திரண்டு ஓம் ஒன்றாக வந்தபோது, அது என் திறமைக்குக் கிடைத்த வரவேற்பு என்று நம்பினேன்.

இராசமணி அன்ரியிடம் போய்ச் சொன்னேன். “நான் வந்து சொல்லுறன்” என்றார் உடனே. டாக்ஸி பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்றதற்குக் கையை அசைத்தார். “எனக்கேன் டாக்ஸி? மகன் கொண்டுவந்து இறக்குவான்.”

வியாழக்கிழமை பனி கொட்டிக்கொண்டிருந்தது. அன்ரி குறித்த நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தியே வந்திருந்தார். பட்டுச்சேலை, மேலே தடித்த ஜக்கெற், சேலைக்கரை முழங்கால்வரை நனைந்திருந்தது. காரில் வந்தவருக்குச் சேலை எப்படி இவ்வளவு நனைந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கு என் பாடு.

துறைத் தலைவர் மெலிந்த மனிதர், பேசும்போது பேனையை மேசையில் நேராக வைத்துக்கொண்டேயிருப்பார். மரியான் ஓரமாக இருந்தார். படிவங்களை அன்ரி பக்கம் தள்ளி, இவற்றை நிரப்பியது யார் என்று துறைத் தலைவர் கேட்டார். நான் தமிழில் சொல்ல வாயெடுக்கமுன் அன்ரி முந்திக்கொண்டார்.

“ஐ ஃபில்,” என்றார் நிமிர்ந்து. “ஓல் ஃபைவ். ஷீ குட் கேர்ள்.”

இந்தப் பெண் உங்களை ஐந்து போடச் சொன்னாளா என்று கேட்டார்.

“நோ, நோ. நோபடி ரெல். வீ நோ.”

துறைத் தலைவர் மரியானைப் பார்த்தார். மரியான் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து, அன்பாகத்தான் கேட்டார்: இந்த வான் உண்மையாகவே வந்தால், நீங்கள் அதில் ஏறுவீர்களா? அன்ரிக்கு அந்த ஆங்கிலம் வேகமாக இருந்தது. என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன்.

“எனக்கென்ன விசரே?” என்றார் அன்ரி. “மகன் இருக்கேக்கை நான் ஏன் ஆரின்ரையோ வானிலை ஏறுவன்? சனம் என்ரை பிள்ளையை எல்லோ கதைக்கும், தாயை ஏத்தி இறக்க நேரமில்லாதவன் எண்டு. ஒருத்தரும் ஏறமாட்டினம்.” பிறகு என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, “உதை அவைக்குச் சொல்லாதை. நான் ஓம் எண்டு சொன்னனான் எண்டு சொல்லு” என்றார்.

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அவர் சொன்னது நீளமாக இருந்தது, அந்த நீளத்துக்கு எந்த ஆங்கிலத்தை வைத்தாலும் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. ‘ஓம், வாரம் இருமுறை ஏறுவேன் என்கிறார்’ என்று சொன்னால் கதை முடிந்தது. விசா பிழைக்கும், சிறகு பறக்கும், அப்பாவுக்கு வாடியில் சொல்ல இன்னொரு சொல் கிடைக்கும். நான் உத்தமி என்று சொல்லவரவில்லை. அந்தப் பொய்யின் முதல் பாதி எனக்குள் ஆங்கிலத்தில் தயாராகிவிட்டது, இலக்கணப் பிழைகூட இல்லாமல். ஆனால் இட்டுக்கட்டினேன் என்று அதுவரை அவர்கள் சொன்னது பொய். வாயைத் திறந்தால் அந்தக் கணத்திலிருந்து அது உண்மையாகிவிடும். அது மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

“ஷீ செய்ஸ் நோ,” என்றேன்.

பிறகு மற்றதையும் சொன்னேன். மகன், சனம், கதை. படிவம் என்றால் ஓம் சொல்லப் பழகியது, என் சோதனை என்று நினைத்து எல்லோரும் எனக்குப் புள்ளி தந்தது, நான் குசினியில் நின்று அதைக் கேட்டது. ஆட்டு வலையையும் சொல்லிவிட்டேன். துறைத் தலைவர் பேனையை நேராக வைப்பதை நிறுத்தியிருந்தார்.

அன்ரிக்கு ‘நோ’ விளங்காமல் போகுமா? வெளியே வந்து மின்தூக்கிக்குக் காத்துநின்றபோது என்னைப் பார்க்காமலே சொன்னார்: “நான் உனக்கு அஞ்சு போட்டுத் தந்தனான். நீ அதைச் சைபர் ஆக்கிப்போட்டாய்.” மின்தூக்கி வந்ததும் ஏறி, நான் ஏறமுன் பொத்தானை அமத்திவிட்டார்.

இட்டுக்கட்டிய குற்றம் இல்லையென்று இரண்டு நாளில் கடிதம் வந்தது. ஆனால் அறிக்கை செல்லாது. மூன்று வாரத்துக்குள் மீண்டும் செய்யவேண்டும், இல்லாவிட்டால் பாடத்தில் தோல்விதான். நான் பாடப்புத்தகத்தை எடுத்துக் கருத்துக்கணிப்பு அத்தியாயத்தைப் பார்த்தேன். ‘இனி என்ன செய்வீர்கள் என்று கேட்காதீர்கள், கடைசியாக என்ன செய்தீர்கள் என்று பாருங்கள்’ என்ற பொருளில் ஒரு வசனம் இருந்தது. அதன்மேல் மஞ்சள் மை பூசியிருந்தது. பூசியவள் நான்தான். அந்தப் பக்கம் முழுவதுமே மஞ்சள்தான், எனக்கு அந்த நிறம் பிடிக்கும்.

இந்த முறை படிவம் இல்லை. அடுத்த இரண்டு புதன்கிழமைகளும், சமூக நிலையத்துக்கு எதிரே உள்ள கோப்பிக்கடையில் யன்னலோரம் இருந்து, யார் எப்படி வருகிறார்கள் என்று எண்ணினேன். இராசமணி அன்ரி என்னோடு கதைக்காத நாட்கள் அவை. தேத்தண்ணீர் ஊற்ற வேறு ஒருவரைப் பிடித்துவிட்டார். ஆகவே எனக்கு நேரமிருந்தது.

முதல் புதன், ஒன்பதே காலுக்கு, நிலையத்துக்கு நேர் முன்னால் இருக்கிற தரிப்பில் பஸ் நின்றது. யாரும் இறங்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில், அதற்கு முந்தின தரிப்புப் பக்கமிருந்து ஒரு உருவம் சேற்றுப்பனியில் காலை எடுத்தெடுத்து வைத்து நடந்து வந்தது. மூலையில் நின்று சேலைக்கரையை உதறியது. கைப்பையிலிருந்து கடுதாசி எடுத்துச் சப்பாத்தைத் துடைத்தது. பிறகு நிமிர்ந்து, கார் நிறுத்துமிடத்துப் பக்கமாகச் சுற்றிப்போய், அந்தக் கதவால் உள்ளே நுழைந்தது. உள்ளே இராசமணி அன்ரி என்ன அறிவித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். கோப்பி ஆறிப்போக விட்டேன்.

அவர் மட்டுமில்லை. ‘மகள் விட்டிட்டுப் போறாள்’ என்கிற இன்னோர் அன்ரி பின்வீதித் தரிப்பில் இறங்கினார். எது சரியான விடை என்று கேட்ட அங்கிள் முழுத் தூரமும் நடந்துவந்தார். ஒருவரையொருவர் கண்டால் கண்டதாகக் காட்டிக்கொள்ளாமல், ஆளுக்கொரு வாசலால் போனார்கள். வான் தேவைப்பட்டது, அதில் நான் பிழைவிடவில்லை. அந்தத் தேவை வெளியே தெரியக்கூடாது என்பதுதான் அதைவிடப் பெரிய தேவை. அதற்குச் சின்னம் வரைந்து பக்கவாட்டில் ஒட்டி ஊர்வலம் விட நினைத்தவள் நான்.

இரண்டாம் புதன் கூட்டம் முடிந்தபோது, முந்தின தரிப்பில் போய் நின்றேன். அன்ரி வந்தார். என்னைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தார், பஸ் வந்துவிட்டது. ஏறிப் பக்கத்தில் இருந்தேன். இரண்டு சந்தி தாண்டும்வரை அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மகனுக்கு இண்டைக்கு வேலை” என்றார்.

“ஓம் அன்ரி.”

“அவனுக்கு நெடுகலும் வேலைதான்.” கொஞ்சம் பொறுத்து, “உதையும் எழுதப்போறியோ?”

“பேர் போடமாட்டன் அன்ரி.”

“பேர் போடாட்டில் எழுது.” பிறகு, தன் பாட்டில் சொல்வதுபோல, “போன கோடைக்கு நயகராவுக்குப் பஸ் பிடிச்சுப் போனனாங்கள். அறுபது பேர். என்ன பாட்டு, என்ன பகிடி! அப்பிடியொரு சந்தோசம் அதுக்குப் பிறகு இல்லை.”

“அதுவும் ஆரின்ரையோ பஸ்தானே அன்ரி? மகன் இருக்கேக்கை ஏறினீங்கள்?”

அன்ரி என்னை முழுதாகத் திரும்பிப் பார்த்தார், பிஸ்னஸ் படிக்கிற பிள்ளைக்கு இதுகூட விளங்கவில்லையே என்று.

“அது ரூர் எல்லோ பிள்ளை!” என்றார்.

சுற்றுலா என்றால் சனம் யாருடைய மகனையும் கதைக்காது. அன்ரியின் அந்த ஒரு வசனத்தின்மேல்தான் என் இரண்டாவது அறிக்கையை எழுதினேன். வட்டப்படத்தில் இந்தமுறை துண்டுகள் இருந்தன, நிறங்களும் இருந்தன, தோடம்பழம் இல்லை. மரியான் வாசித்துவிட்டு, “இன்ரெறெஸ்ரிங்” என்றார். “மரியான்,” என்று முதன்முறையாகக் கூப்பிட்டுக் கேட்டேன், “இது நல்ல இன்ரெறெஸ்ரிங்கா, கெட்ட இன்ரெறெஸ்ரிங்கா?” அவர் சிரித்து, இந்தமுறை நல்லது என்றார். பி பிளஸ். ஏ இல்லை. அறிக்கையில் லாபம் எங்கே வருகிறது என்று நான் எழுத மறந்துவிட்டேனாம். பிஸ்னஸ் படிப்பில் அதையும் பார்ப்பார்கள் போலிருக்கிறது.

பாடம் அதோடு முடிந்துவிட்டது. ஆனால் நான் போன திங்கட்கிழமை சமூக நிலையத்து முகாமையாளரைச் சந்தித்தேன். நிலையத்துக்குச் சொந்தமான வான் புதன்கிழமை மத்தியானங்களில் சும்மா நிற்கிறது. முழுக் கதையையும் சொல்லி, வானையும் சாரதியையும் ஆறு கிழமைக்குப் பரீட்சார்த்தமாகக் கேட்டேன். அறிவித்தல் ஒன்றை இரண்டு மொழியிலும் போட்டு, ஆட்கள் சேர்கிறார்களா பார் என்றார். ஒரே தாளை நடுவில் கோடு கிழித்துப் பிரித்தேன். இடது பக்கம் ஆங்கிலத்தில்: முதியோருக்கான பகிர்வுப் பயணம், மருத்துவம், வங்கி, கடை. வலது பக்கம் தமிழில்: புதன் ரூர், மத்தியானச் சாப்பாட்டோடு, பாட்டுப் பாடத் தெரிந்தவர்கள் முன்சீற்றில் இருக்கலாம், போகிற வழியில் கண் டொக்ரரிடமும் வங்கியிலும் இறங்கலாம். இரண்டும் ஒரே வான், ஒரே பாதை. இரண்டு பக்கத்துக்குக் கீழும் பெயர் எழுதப் பத்துப் பத்துக் கோடுகள், ஆங்கிலப் பக்கத்தின் அடியில் ஒழுங்கமைப்பாளருக்கு ஒன்று.

நேற்று மத்தியானம் போய்ப் பார்த்தேன். தமிழ்ப் பக்கத்தில் பத்துக் கோடுகளும் நிறைந்திருந்தன, பத்தும் பத்துவிதமான கையெழுத்து. முதலாவது இராசமணி அன்ரி, பக்கத்தில் ‘யன்னல் சீற்’ என்று குறிப்பு. ஆங்கிலப் பக்கத்தில் ஒருவருமில்லை. ஒழுங்கமைப்பாளர் என்ற கோட்டை வெறுமையாக விட்டால் வான் தரமாட்டார்கள் என்பதால், அங்கே என் பெயரை ஆங்கிலத்தில், முழுதாக, தனியாக எழுதினேன். பிறகு மனம் கேட்கவில்லை. தமிழ்ப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. தாளை அப்படியே சரித்துப் பிடித்து, ஓரத்து வெள்ளையில், கடைசிப் பெயருக்குப் பக்கத்தால் கீழிருந்து மேலாக, என் பெயரைத் தமிழிலும் குறுக்கே எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.